பட்டாவில் சாகாதவர்

என் தாத்தா 1988-ல் இறந்துபோனார். ஐப்பசி அடைமழை, விறகு நனைந்து கிடந்தது, மண்ணெண்ணெய் ஊற்றித்தான் எரித்தார்கள் என்று அம்மா சொல்வாள். பால் தெளித்தார்கள், கருமாதி நடந்தது, பிள்ளைகள் நாலு பேரும் மொட்டை அடித்துக்கொண்டார்கள். இவ்வளவும் ஆன பிறகும் வளையமாதேவியில் இருந்த மூன்று ஏக்கர் இருபது சென்ட் நஞ்சைக்கு அவர்தான் சொந்தக்காரர். கிஸ்தி ரசீது அவர் பேரில் விழுந்தது. கரண்ட் சர்வீஸ் அவர் பேரில் ஓடியது. 2009-ல் நில எடுப்பு நோட்டீஸ் வந்தபோது அதுவும் அவர் பேருக்கே வந்தது. ஆயாவுக்குக் கையெழுத்துப் போட வராது, ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். புருஷன் பேரைக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு அந்த நோட்டீஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்திலிருந்து பஸ் ஏறினால் வடலூர். மரணமிலாப் பெருவாழ்வைப் பற்றி வள்ளலார் பேசிய ஊர். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, எங்கள் ஆட்கள் அதைப் பட்டாவில் சாதித்துவிட்டார்கள்.

வளையமாதேவி என்றால் மற்றவர்களுக்கு ஞாபகம் வருவது 2023 ஜூலை 26. பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டுகிறோம் என்று போலீஸ் பாதுகாப்போடு நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் இயந்திரங்கள் விளைந்து நின்ற நெல்லுக்குள் இறங்கிய நாள். தமிழ்நாடு முழுக்க டி.வி.யில் பார்த்தது. 2006-க்கும் 2013-க்கும் இடையில் எடுத்த நிலம் என்றது நிறுவனம். எடுத்த நிலத்தில் இத்தனை வருஷம் எங்களைப் பயிர் வைக்க விட்டுவிட்டு, கதிர் வாங்குகிற நேரத்தில் வந்தால் எப்படி என்றார்கள் ஊரார். விஷயம் உயர் நீதிமன்றம் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொல்லி உத்தரவானது. கம்பெனியோடு சண்டை போட ஊர் இருக்கிறது, கட்சிகள் இருக்கின்றன, வக்கீல்கள் இருக்கிறார்கள். நல்லது, போடட்டும். என் ஆதங்கம் அதுவல்ல. என் சண்டை என் வீட்டோடு.

சேத்தியாத்தோப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், மனு டைப் அடிப்பது. பத்திரம் எழுதுகிற உரிமம் எனக்குக் கிடையாது, வக்கீலும் இல்லை. ஆனால் பதினேழு வருஷமாக இந்த மிஷின் கண்ணாடி மேல் ஊர்க் குடும்பங்கள் எல்லாம் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கின்றன. யார் வீட்டில் எத்தனை பங்காளி, எந்தச் சர்வே நம்பரில் வில்லங்கம், எந்த மருமகள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பாதிப் பேர் கொண்டுவருவது செத்தவர் பேரில் இருக்கிற காகிதம். "இவங்க இருக்காங்களா?" என்று கேட்பேன். "எங்க தாத்தாவுக்குத் தாத்தாங்க" என்பார்கள், ஏதோ பெருமை போல. என் வீட்டுக் கதையே இப்படி இருக்கும்போது அடுத்தவரைப் பார்த்து நான் என்ன சொல்ல?

தாத்தா போன இரண்டாம் வருஷம் பிள்ளைகள் நாலு பேரும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். வரப்பு போட்டாயிற்று, மடை முறை வைத்தாயிற்று, கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கூர்சீட்டு எழுதியாயிற்று. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி நாலு ஆண்பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, நான்தான் லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க அழகான எழுத்து. பிரயோஜனம்தான் ஒன்றுமில்லை. ரிஜிஸ்டர் ஆகாத அந்தத் தாளைக் காட்டிப் பட்டாவை உட்பிரிவு செய்ய முடியவில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, அதில் ஆயாவும் இல்லை, இரண்டு அத்தைகளும் இல்லை.

"பொட்டப் புள்ளைங்களுக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே" என்பார் பெரியப்பா, இன்றைக்கும். நிலம் தாத்தா சுயமாக வாங்கியது. தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் செத்தால், பெண்டாட்டிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. செத்தவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவளுக்கும். இது 1956-ல் வந்த சட்டம். தமிழ்நாட்டில் 1989-ல் வந்ததும் மத்தியில் 2005-ல் வந்ததும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை பற்றியது, அது வேறு கணக்கு. எங்கள் ஊரில் டீக்கடை வரைக்கும் எல்லாரும் 1989, 1989 என்று வாய்ப்பாடு சொல்வார்கள். பெரிய அத்தை கல்யாணமே நடக்காத காலத்திலேயே மகளுக்குப் பங்கு தருகிற சட்டம் இருந்தது என்பது மட்டும் ஒருவர் காதிலும் ஏறாது.

நோட்டீஸ் வந்த 2009-ல் பங்குதாரர்கள் ஏழு பேர். ஆயா, நாலு மகன், இரண்டு மகள். ஏழு பேரும் உயிரோடு, ஏழு பேரும் பஸ் தூரத்தில். ஒரு முகூர்த்த நாள் பார்த்து எல்லாரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்திருக்கலாம். செய்யவில்லை. விருத்தாசலத்தில் இருக்கும் சின்ன அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரோ கல்யாண வீட்டில் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. அவள் ஆட்சேபணை மனு கொடுத்தாள். அவளுக்கு அந்தப் பணம் வேண்டியிருந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம். "குடுங்கன்னு நான் கேக்கல பாப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று என்னிடம் அழுதாள். இவள் கேட்காமல் கொடுத்தது என்று அந்த வீட்டில் எதுவுமே இருந்ததில்லை. கேட்டும் கொடுத்ததில்லை என்பது வேறு.

யாருக்கு எவ்வளவு என்று தகராறு வந்துவிட்டால், தொகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டு நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிட சட்டத்தில் இடமிருக்கிறது. 1894-ன் பழைய நில எடுப்புச் சட்டத்திலும் அந்த வழி இருந்தது, 2013-ல் வந்த புதிய சட்டத்திலும் அதே போன்ற வழி உண்டு. எங்கள் பணம் அப்படி டெபாசிட்டுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் வீட்டில் ஆட்கள் சாக ஆரம்பித்தார்கள். 2010-ல் நடுப்பெரியப்பா. அவர் இடத்தில் பெரியம்மாவும் மூன்று பிள்ளைகளும், நாலு பேர். 2014-ல் என் அப்பா. அம்மா, நான், தங்கச்சி. 2016-ல் பெரிய அத்தை. மாமாவும் நாலு பிள்ளைகளும். 2019-ல் சித்தப்பா. சித்தி, மகன், மகள். 2021-ல் ஆயா. ஏழு கையெழுத்தில் முடிய வேண்டியது பதினேழு கையெழுத்து ஆனது. அதில் ஒருவன் குவைத்தில்.

இதற்கு முன்னால் இன்னொரு கூத்து. தாத்தா செத்ததை நாங்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1988-ல் வீட்டில் நடந்த சாவு, யாரும் போய்ப் பதியவில்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் இறப்பைப் பதிய மேலதிகாரி உத்தரவு வேண்டும். முப்பது வருஷம் கழித்து, "அவர் இறந்தது உண்மைதான்" என்று சொல்ல வயதானவர்களைத் தேடினோம். எரிக்கப் போனவர்களில் மிச்சம் இருந்தது இரண்டு பேர். ஒருவருக்குக் காது கேட்காது. விசாரணையில் "எப்போ இறந்தார்?" என்று கேட்டால், "ஆமாங்க, நல்ல மனுஷன்" என்றார்.

அது முடிந்தால் பேர்க் குழப்பம். 1979-லிருந்து 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நில உடைமைக் கணக்கெடுப்பில் தாத்தாவின் தகப்பன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தாவின் அண்ணன் பேர் விழுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் யூ.டி.ஆர். பிழை இல்லாத குடும்பம் ஏது, அதை விடுங்கள். தாத்தா உயிரோடு இருந்தபோதே ஒரு மனு போட்டிருந்தால் திருத்தியிருப்பார்கள். அவருக்குப் பட்டாவை எடுத்துப் பார்க்கிற பழக்கம் இல்லை. பட்டா மஞ்சப்பையில், மஞ்சப்பை ஆணியில்.

சரி, நிலம் பூர்வ கதை, அப்போது யாருக்கும் விவரம் தெரியாது என்று விடலாம். சித்தப்பாவை என்ன சொல்வது? எங்கள் குடும்பத்தில் பி.காம். படித்தவர் அவர் ஒருவர்தான். சேத்தியாத்தோப்பில் உரக்கடை. பத்துக்குப் பதினாறு அடி, சொந்தக் கட்டடம். இருபத்தாறு வருஷம் நடத்தினார். மார்கழி மாதம் ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், சிதம்பரம் போவதற்குள் முடிந்தது. வயது 57.

எட்டாம் நாள் கடையைத் திறந்தான் மகன். சம்பா பயிருக்கு மேலுரம் போடுகிற நேரம், வாசலில் ஆட்கள். உள்ளே 62 மூட்டை யூரியா. ஒரு மூட்டையை விற்க முடியவில்லை. மானிய உரத்தைக் கைரேகை மிஷினில் பதிந்துதான் விற்க வேண்டும் என்று 2018-லிருந்து நாடு முழுக்க ஆகிவிட்டது. மிஷினைத் திறக்கக் கடைக்காரர் விரல் வேண்டும். அந்த விரல்தான் வெள்ளாற்றங்கரையில் எரிந்துபோயிற்றே. உரம் விற்கிற அனுமதி அவர் பேரில், ஜி.எஸ்.டி. அவர் பான் நம்பரில், கரண்ட் அக்கவுண்ட் அவர் ஒருவர் பேரில். தனி ஆள் கடை என்றால் சட்டத்தின் கண்ணுக்குக் கடை வேறு ஆள் வேறு கிடையாது. ஆள் போனால் கடையும் போயிற்று. மகன் தன் பான் நம்பரில் புது ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டும், பழைய கணக்கில் மிச்சமிருக்கும் வரி வரவை ஐ.டி.சி.-02 என்ற படிவத்தில் மாற்ற வேண்டும், உர அனுமதியைப் புதிதாக வாங்க வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் சம்பா அறுவடையே முடிந்தது. வாடிக்கை எல்லாம் எதிர்க்கடைக்குப் போயிற்று. (கூட்டு வியாபாரம் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். பங்குதாரர் ஒருவர் செத்தால் என்ன என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டால் 1932-ஆம் வருஷச் சட்டப்படி உங்கள் கூட்டும் அன்றைக்கே கலைந்தது. இரண்டே பேர் கூட்டு என்றால் எழுதியிருந்தாலும் கலைந்ததுதான்.)

கடை வாசலில் ஜிபே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பூச்சிமருந்து, விதை என்று மானியம் இல்லாத சரக்கை மகன் விற்றான். வாங்கியவர்கள் வழக்கம்போல ஸ்கேன் பண்ணிவிட்டுப் போனார்கள். பதினோரு நாள் காசு செத்தவர் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் போன் சித்தி மடியில் இருந்தது, ஒவ்வொரு தடவையும் 'டிங்' என்று சத்தம். சித்தி எடுத்துப் பார்ப்பாள். பூட்டைத் திறக்கக் கைரேகை கேட்கும். கீழே வைத்துவிடுவாள். துக்க வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கடன் நோட்டு வேறு. அதை நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். வரவு செலவுத் தேர்வில் முதல் வகுப்பு வாங்கிய மனிதர் எழுதிய நோட்டு: 'வெள்ளாட்டுக்காரர் 3 மூட்டை', 'அணைக்கட்டு மச்சான் 1800', 'சிரிச்ச மூஞ்சி பாக்கி 650', 'போன தடவை மாதிரியே'. போன தடவை எவ்வளவு? யாருக்கு? சிலர் தாங்களே வந்து காசு கொடுத்துவிட்டு அழுதுவிட்டுப் போனார்கள். வெள்ளாட்டுக்காரர் வந்தார், அரைச் சாக்கு உளுந்தும் கொண்டுவந்தார். சிரித்த முகம் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஊரில் நிறையப் பேர் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார்கள்.

வங்கிக்குப் போனோம். நியமனதாரர் கட்டத்தில் சித்தப்பா ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். படித்தவர் இழுத்த கோடு, ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தது. வாரிசு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் போட்டோம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படி ஏறி வந்த சான்றிதழில் நாலு பேர்: சித்தி, மகன், மகள், ஆயா. சித்தி அதைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டாள், மாமியார் பேர் எதற்கு வந்தது என்று. மேலே சொன்ன சட்டம்தான். மகன் முந்திப் போனால் தாய்க்கும் பங்கு உண்டு, மருமகளுக்குச் சமமாக.

தொண்ணூறு தாண்டிய ஆயாவை ஆட்டோவில் வைத்து வங்கிக்குக் கொண்டுபோனோம். படி ஏற முடியாது; மேனேஜர் நல்ல மனுஷர், ஆட்டோவுக்கே வந்தார். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினால் ஆயா கையை மூடிக்கொண்டாள். "எம்புள்ள காசுல எனக்கு ஏன்டா பங்கு வைக்கிறீங்க? நான் அவனுக்குக் குடுத்துட்டுப் போவ வேண்டியவ." வேண்டாம் என்று சொல்வதற்கும் கைநாட்டு வேண்டும் ஆயா என்று அவள் விரலை நான்தான் பிரித்தேன். மை போக இரண்டு நாள் ஆயிற்று.

வங்கிப் பணம் முடிந்தது. கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எங்கள் வீட்டில் 'பிறகு' என்ற வார்த்தையை யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2021-ல் ஆயா போனாள். கட்டடத்தில் ஆயாவுக்கு இருந்த கால் பங்கு அவளுடைய ஆறு பிள்ளைகளின் கிளைக்கும் பிரிந்தது. எங்கள் அப்பா கிளைக்கு இருபத்துநாலில் ஒன்று. மருமகளான என் அம்மாவுக்கு அதில் கிடையாது. பேத்திகள் எனக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கு நாற்பத்தெட்டில் ஒன்று. பத்துக்குப் பதினாறு அடிக் கடையில் என் பங்கு மூன்றேகால் சதுரஅடியும் சொச்சமும். ஒரு யூரியா மூட்டையைப் படுக்கப் போட்டால் என் எல்லையைத் தாண்டிவிடும். சித்தி பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க நான் தயார்; எல்லாருமே தயார். ஆனால் எல்லாரும் வர வேண்டுமே! குவைத்துக்காரன் அங்கே தூதரகத்துக்கு லீவு போட்டுப் போய்ப் பவர் எழுதி அனுப்பினான். தனக்குப் பங்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, "அக்கா, இதுக்கு டாக்சி வாடகையே கட்டாதே" என்றான்.

சித்தப்பா ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். 'கடையும் கட்டடமும் என் மனைவிக்கு.' அதற்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம். அவர் கடை பில் புக்கின் பின்பக்கம் போதும். இதை நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். உயில் எழுத வெள்ளைத்தாள் போதும். பதினெட்டு வயது நிரம்பி, புத்தி தெளிவாக இருக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். ரிஜிஸ்டர் பண்ண வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பண்ணினால் நல்லது, அதற்கு முத்திரைத்தீர்வையும் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியது நிற்கும். சாட்சி மட்டும் பார்த்துப் போட வேண்டும். பங்கு வாங்குகிறவர் சாட்சியாக இல்லாமல் இருப்பது நல்லது. பின்னால் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது வந்து, ஆமாம், என் கண் முன்னால்தான் போட்டார் என்று சொல்ல வேண்டியிருக்கும். நம் ஆட்கள் எண்பது வயதில் உயில் எழுதுவார்கள், சாட்சிக்குக் கூடப் படித்த எண்பது வயதுக்காரரையே கூட்டி வருவார்கள். மூன்று பேரும் ஒரே மார்கழியில் போய்விட்டால் யாரைக் கூப்பிடுவது?

பெரியப்பாவுக்கு இப்போது 84. ஏழு பேரில் அவரும் சின்ன அத்தையும்தான் மிச்சம். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. கோர்ட்டுப் பணம் பதினேழு கையெழுத்துக்குப் பிறகு ஒரு வழியாக வந்து சேர்ந்தது. எவ்வளவு என்று எழுத மாட்டேன். அன்றைக்கு வந்திருந்தால் கிளைக்கு ஒரு மனை வாங்கியிருக்கலாம். இன்றைக்கு அது மனையின் வாசல்படிக்குக் காணும். பெரியப்பா தன் பங்கோடு சிங்கப்பூர் மகன் அனுப்பியதையும் உள்ளூர் மகன் சீட்டு எடுத்ததையும் போட்டு வடலூர் பக்கம் இரண்டரை சென்ட் வாங்கினார். பத்திரம் யார் பேரில்? அவர் பேரில் மட்டும். மகன்கள் காசு போட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. மகள் ஒருத்தி இருக்கிறாள், அவள் பேச்சே வரவில்லை. "என்ன பெரியப்பா இது?" என்றேன். "எல்லாம் ஒரே குடும்பம்தானே பாப்பா" என்றார். இந்த வாக்கியத்தை நான் 1990-ம் வருஷத்துக் கூர்சீட்டிலேயே படித்திருக்கிறேன், லேமினேஷன் போடும்போது.

உயில் என்று சொன்னால் போதும், முகம் சுருங்கிவிடும். "நான் எப்போ போவேன்னு பாக்குறியா?" உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று அவர் அம்மாவைப் பெற்றவள் சொன்னாளாம். இதே மனிதர் போன வருஷம் தன் ஜெர்ஸிப் பசுவுக்குக் காதில் தோடு குத்தி இன்சூரன்ஸ் போட்டார். பசு செத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவரால் முடிகிறது. பசு நன்றாகத்தான் இருக்கிறது.

"அதான் பேங்க்ல நாமினி போட்டிருக்கேனே" என்பார். சின்ன மகன் பேரைப் போட்டிருக்கிறார். நாமினி என்றால் வாங்கிக் கொடுக்கிற கை, அவ்வளவுதான். வங்கி அவனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் சொல்லும். ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதே கதைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்கில் நாலு நாமினி வரை போடலாம். பெரியப்பாவிடம் சொன்னேன். "நாலு பேரா? தூக்குறதுக்கு ஆள் சேக்குறாங்களா?" என்றார். சிரித்துத் தொலைத்தேன்.

அவர் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். என் கடைக்கு ஓர் அம்மாள் வருவாள். மகன் பேருக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது மாதம் ஒரு மனு டைப் அடிக்க வருகிறாள். பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதி வைத்துக் கொடுத்திருந்தால் 2007-ஆம் வருஷ மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-வது பிரிவைப் பிடித்து ரத்து கேட்கலாம். அவள் பத்திரத்தில் 'அன்பின் காரணமாக' என்று மட்டும்தான் இருக்கிறது. பத்திரம் எழுதியவருக்கு அந்த ஒரு வரி மனப்பாடம் போல. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுத முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், அதற்கும் 2023 ஜூலையில் ஏற்றிய பிறகு உச்சவரம்பு 40,000 என்பதால் ஆட்கள் அவசரப்பட்டு அதில் விழுகிறார்கள். அது எழுதிய அன்றே கைமாறிவிடும். உயில் அப்படியில்லை பெரியப்பா, நீங்கள் இருக்கும் வரை எல்லாம் உங்களுடையது, உங்கள் மகன்கள் உங்களை முறைத்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றேன். இதைக் கேட்டபோதுதான் முதல்முறையாகக் காது கொடுத்தார். கிழிக்கலாம் என்பது பிடித்திருந்தது.

போன வாரம் கடைக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. தாத்தாவின் பழைய பட்டா, கிஸ்தி ரசீதுகள், கூர்சீட்டு, அதே பைக்குள் வடலூர் மனைப் பத்திரமும். பத்திரத்தை இரண்டு காப்பி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வெயில் குறைவாக இருந்தது, டீ வாங்கிக் கொடுத்தேன், உட்கார்ந்தார். நானே ஒரு தாளை எடுத்து வைத்தேன். மனை மூன்று பிள்ளைகளுக்கும் எப்படி, வீடு யாருக்கு, பெரியம்மா இருக்கும் வரை அதில் இருக்கலாம் என்று ஒரு வரி, அவ்வளவுதான், நீங்கள் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன், அப்புறம் வக்கீலிடம் ஒரு தடவை காட்டிக்கொள்ளலாம் என்றேன். பெரியப்பா டீயை ஆற்றிக்கொண்டே தாளைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது தாள்.

"சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும் பெரியப்பா, உங்களைவிட வயசு கொறைஞ்சவங்களா பாத்து" என்றேன்.

"பாத்துடலாம் பாப்பா. தை பொறக்கட்டும்" என்றார்.

போன தைக்கு முன்னாலும் இதையேதான் சொன்னார். காப்பிக்கு நாலு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.